நீலக் கோடு

தாழங்குடாவில்
விரிவுரையாளர் சொல்லச் சொல்ல எழுதினோம்:
"மாணவர் அறிவைத் தாமே கட்டியெழுப்புவர். முற்றுப்புள்ளி.
அடுத்த வரி."
நூற்றிருபது கொப்பிகளில்
ஒரே இடத்தில் முற்றுப்புள்ளி.

ஐந்து ஈ மாதிரி என்றார்.
ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல்.
தமிழுக்கு வந்தபோது ஓர் ஈதான் மிஞ்சியது,
மற்ற நாலும் பறந்துவிட்டன.

கற்பித்தற் பயிற்சிக்கு அம்பிளாந்துறை.
தரம் ஏழு, மூன்றாம் பாடவேளை.
முட்டை, உப்பு, இரண்டு கண்ணாடிக் குவளை.
பாடக்குறிப்பில் "எதிர்பார்க்கும் விடைகள்" நிரலை
முதல்நாள் இரவே நிரப்பியிருந்தேன்.
பின்வாங்கில் மதிப்பீட்டுப் படிவத்தோடு மர்ஜான் சேர்.

முட்டை மிதந்தது. யாரும் வியக்கவில்லை.
டிலக்சிதன் கேட்டான்:
"அதாலயா மிஸ், மாரியில எங்கட தோணி கூடத் தாழுது?
அப்பா அடிச்ச நீலக் கோடு
கோடையிலதான் வெளியில தெரியும்."

நிரலில் அது இல்லை.
"மழைத்தண்ணி உள்ளுக்க நிக்கும், அந்தப் பாரம்"
என்றேன் சட்டென்று,
ஆசிரியைக் குரலில்.
"இறைச்சிட்டுத்தானே மிஸ் போறது"
என்றாள் சன்னலோரத்து கேமவர்ணி.
வகுப்பு சிரிக்கவில்லை.
அதுதான் சுட்டது.

எனக்குத் தெரியாது என்றேன்.
வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு
அதைச் சொன்னது முதல் தடவை.

யோகட் கோப்பையை யார் கொண்டுவந்தது, நினைவில்லை.
போளைகள் பொக்கற்றுகளிலிருந்து வந்தன,
பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாதவை.
ஒன்பது போட்டுக் கோப்பை சரிந்தது.
துணியைச் சுருட்டி அடியில் வைத்து மறுபடி.
நல்ல தண்ணீரில் ஒரு கோடு,
உப்புத் தண்ணீரில் ஒரு கோடு.
மேசை நனைந்து வழிய
படிவத்தைத் தலைக்குமேல் பிடித்தபடி
சேரும் எட்டிப் பார்த்தார்.
இரண்டு கோட்டுக்கும் நடுவே
ஒரு நெல்லின் கனம்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன், முடிவை எழுத.
டிலக்சிதன் விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.
"ஆத்துத்தண்ணி இவ்வளவு உப்பில்ல மிஸ்.
நீங்க கூடப் போட்டிட்டீங்க."

மணி அடித்தது.

படிவத்தில்:
நேர முகாமை போதாது.
பாடத்துக்கு முடிவுரை இல்லை.
கையெழுத்தின் மேல் ஒரு துளி உலர்ந்து
வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

மறுநாள் காலை என் மேசையில்
நாலு சோடாப் போத்தல்களில் ஆற்றுத் தண்ணீர்.
எந்தத் துறையில், எத்தனை மணிக்கு அள்ளியதென்று
ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டியிருந்தது.
ஒன்றில் மட்டும்
வெறும் கேள்விக்குறி.