வெற்றுக் கட்டங்கள்

நார்வேயின் தோத்தன் மேட்டில் இன்னும் விடியவில்லை.
கறுப்புக் கிண்ணத்தில் முதல் பீச்சு:
திரிதிரியாய்ப் பால்.
வலது பின்காம்பு, மறுபடியும்.

மருத்துவர் குன்வோர் அட்டையில் தேதி எழுதி
மருந்தின் பெயர் எழுதி
ஐந்து நாள் பாலைச் சாக்கடைக்கு எழுதினாள்.
"நாற்பது லிட்டர் கறப்பவள்" என்றான் ஓட்வார்,
மன்னிப்புக் கேட்பதுபோல.

அடுத்த சினைக்கு
நைட்ரஜன் புகையிலிருந்து எடுக்கப்போகும் குச்சி
செத்து எட்டாண்டான காளையுடையது.
மடியே இல்லாதவன்.
அவன் மடியைப் பற்றி
இருநூறு மகள்கள் சாட்சி சொன்னார்கள்,
பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல்:
அட்டை அட்டையாக
யாரும் எதுவும் எழுதாத கட்டங்கள்.

கிடேரி பிறந்தால் முப்பத்தைந்துதான் கறக்குமாம்.

ஓட்வார் வாளியைக் கவிழ்த்தான்.
வெள்ளையாகத்தான் போயிற்று அதுவும்,
நல்ல பால் போலவே.