பல்பு பூட்ச்சா

தண்டையார்பேட்டை, மழை, செகண்ட் ஷோ.
திரை முழுக்கக் கறுப்பு.
"இன்னா ஆபரேட்டரு, பல்பு பூட்ச்சா?"
முன்வரிசையிலிருந்து ஒரு குரல், பின்னாலேயே விசில்.

பூடலை.
விளக்கு முழு மூச்சாய்த்தான் எரிகிறது.
நிறத்துக்கு ஒன்றாய் மூன்று சில்லு,
தீப்பெட்டிக்குள் அடங்கும்.
சில்லுக்கு இருபது லட்சம் கண்ணாடி,
புள்ளிக்கு ஒன்று.
நொடிக்கு ஆயிரம் தடவை தலையாட்டும் கூட்டம்
இப்போது மொத்தமாய்
முகத்தைத் திருப்பிக்கொண்டது,
அவ்வளவுதான் இருட்டு.

திரைக்குப் போகாத வெளிச்சம்
எங்கேயாவது போகணுமே.
மெஷின் விலாவில் மோதி, சூடாகி,
தகரக் குழாய் வழியே கூரைக்கு ஏறுகிறது.
அந்தக் குழாய்மேல்
சகாயமேரி காயப்போட்டிருக்கிறாள்
மகனின் ஸ்கூல் சாக்ஸ், ஒரு ஜோடி.

பேய் வர இன்னும் நாலு நிமிஷம்.
நீளட்டும் கறுப்பு.
குதிகால் பக்கம் இன்னும் ஈரம்.