வெளிச்சம் பிடிக்க ஓர் ஆள்

வெள்ளிக்கிழமை கடைசித் தேதி.
நர்சிங் விண்ணப்பம் பையில் நான்காய் மடிந்திருக்கிறது.
பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் எண்
எல்லாம் எழுதியாயிற்று.
ஒரே ஒரு கட்டம் காலி:
இரத்த வகை.

பத்தாம் வகுப்பில் பரிசோதிக்க வந்தார்கள்.
என் முறை வரவே இல்லை.
எனக்கு முன்னால் நின்ற மும்தாஜின் விரல் நுனியில்
ஒரு பொட்டு சிவப்பைப் பார்த்ததோடு சரி.
கண் திறந்தபோது தலைமாட்டில் பி.டி. டீச்சரும்
பாதி காலியான சோடா பாட்டிலும்.

ஆடி மாதம் அப்பாவின் காலில் ஆணி ஏறியது.
கடலூர் பாண்டி தடத்தில் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டர்.
பாதம் மரத்துப்போய்
செருப்புக்குள் ஈரம் என்று
மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்.
சர்க்கரை.
ஒருநாள் விட்டு ஒருநாள் மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி,
கட்டு மாற்றும் அறை.
ஷேர் ஆட்டோவில் அவரை ஏற்றி இறக்க
வீட்டில் நான்தான் சும்மா இருக்கிறேன்.

முதல் தடவை தரையைப் பார்த்தேன்.
மொசைக்கில் ஒரு கறுப்புக் கல் ஆமை மாதிரி இருந்தது.
அடுத்த தடவை ஸ்டெல்லா சிஸ்டரின் செருப்பு,
இடது வாரில் ஊக்கு.
அதற்கடுத்து தட்டு வரைக்கும் வந்தேன்:
கத்தரி, பஞ்சு, பழுப்புநிறப் புட்டி.
நாலாம் தடவை வாளியில் விழுந்த பழைய கட்டைப் பார்த்துவிட்டு
வராந்தாவுக்கு ஓடினேன்.
அப்பா மட்டும் என்ன,
ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.
பயம் எங்களுக்குப் பரம்பரைச் சொத்து,
பாகம் பிரிக்கக்கூட ஆளில்லை.

பார்க்காத புண் ராத்திரியில் வளரும்.
பாயில் படுத்தபடி அதை
அழுகிய பலாச்சுளை என்றேன்,
செத்த திருக்கையின் வாய் என்றேன்,
மழைக்குச் சரிந்த கெடிலக் கரை என்றேன்.
ஒவ்வொரு உவமைக்கும் ஒரு குமட்டல்.

ஐந்தாம் தடவை
கட்டைப் பிரித்த நேரம் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமியது, நின்றது.
“யம்மா, போன்ல லைட் அடி.”
யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.
அறையில் நாங்கள் மூன்று பேர்.
அடித்தேன்.
“செவுத்துக்கா நான் மருந்து போடறேன்?
கீழ. இன்னும் கீழ.
அந்த ஓரத்துல காட்டு.”
எந்த ஓரம் என்று தெரிய
பார்த்தாக வேண்டும்.

ஐந்து ரூபாய்க் காசின் அகலம்.
விளிம்பு வெளுத்து, நடுவில் சிவந்து,
குதிகால் பக்கம் மஞ்சளாய் ஒரு படலம்.
பலா இல்லை, திருக்கை இல்லை,
கெடிலம் அதன் பாட்டுக்கு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.
புண்.
அப்பாவுடையது.
சிஸ்டர் உப்புநீர் ஊற்றித் துடைத்தார்,
ஒரு பஞ்சு ஒரு தடவைதான், பிறகு வேறு பஞ்சு.
“செவப்பா இருக்கற எடம் நல்லா இருக்கு”
எனக்குச் சொன்னாரா தனக்கா, தெரியவில்லை.
சிவப்பு நல்லது என்று
அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

கை நடுங்கியது, வெளிச்சமும் நடுங்கியது.
இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.
பிளாஸ்திரி ஒட்டியதும்
அப்பா ஜன்னலிடமே சொன்னார்:
“போலாம், ரைட்.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன்.
அதை மறைப்பானேன்.
குழாயில் வாய் கொப்பளித்து
அப்பாவை நிழலில் உட்கார வைத்து
பாதம் தரையில் படாமல் என் பையை அடியில் கொடுத்தேன்.
விண்ணப்பம் கசங்கியிருக்கும்.
“எங்கடி போற?”
“இங்கதான்.”

ரத்தம் எடுக்கும் அறை வாசலில் பெஞ்சு,
எனக்கு முன்னால் ஒன்பது பேர்.
ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன்.
நாலாவது விரலில் கண் இருட்டியது,
பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.
வரிசை நகர நகர
உட்கார்ந்தபடியே நகர்ந்தேன்.