பத்தாம் எண்

இரண்டு பேரில் ஒருவரைச் சொல் என்றார்
கோச் சுல்கிஃப்ளி.
மூன்றாவதாக நானும் இருக்கிறேன் என்பது
அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.
யாரும் சொல்லவில்லை.
நானும்.

இரண்டு வருடமாக நான்
பத்தாம் எண்ணுக்கு மாற்று ஆள்.
ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கையில்,
ஜெயித்தாயிற்று என்றோ
தோற்றாயிற்று என்றோ உறுதியான பிறகு
இறக்கிவிடுவார்கள்.
வீட்டில் அக்கா என் சட்டையை முகர்ந்து பார்த்து
துவைக்காமலே மடித்து வைத்துவிடுவாள்.

ரஸ்மான் படிப்பை முடித்துவிட்டான்.
தெக்கோங்கிலிருந்து மொட்டைத் தலையோடு
படம் அனுப்பியிருந்தான்.
அவன் விட்டுப்போன சட்டைக்கு
வெளியிலிருந்து வருகிறார்கள்.

ஒருவன் டெஸ்மண்ட் ஒலிவெய்ரோ.
வேறொரு பாலிடெக்னிக்கில் ஒரு வருடம் படித்துவிட்டு
இங்கே மாறுகிறான்.
வீடியோ அனுப்பியிருந்தான், பின்னணி இசையோடு.
நாற்பது மீட்டர் உதை,
கம்பங்களுக்கு நட்ட நடுவில்,
அதே உதை மெதுவாக இன்னொரு முறை.
அதில் அவன் ஒரு பந்தையும் தவறவிடவில்லை.
வீடியோவில் யார்தான் தவறவிடுகிறார்கள்.

இன்னொருவன் இஸ்கந்தர்.
ஐடிஇ முடித்து வருகிறான்.
வீடியோ கிடையாது.
சனிக்கிழமை டோவர் திடலுக்குச் சைக்கிளில் வந்தான்,
முதுகில் சாப்பாடு கொண்டுபோகும் சதுரப் பை.
ஏழு மணிக்கு வேலை இருக்கிறது, அதற்குள் முடியுமா என்றான்.

எறிவதைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே.
என்னை ஓடவிட்டார்கள்.

ரக்பியில் பந்தை முன்னால் எறியக் கூடாது.
பின்னால் ஓடிவருபவனைப்
பார்த்தும் பார்க்காமலும் எறிய வேண்டும்.

ஒலிவெய்ரோவின் பந்து
கத்தி மாதிரி வந்தது. நேர். அழகு.
நான் அங்கே இருந்திருந்தால் பிடித்திருப்பேன்.

இஸ்கந்தரின் முதல் உதை கம்பத்துக்கு வெளியே.
இரண்டாவது, வேலிக்கு அந்தப் பக்கம் போன
ஒருவரின் குடைமேல்.
கோச் நோட்டில் எதையோ எழுதினார்.
பிறகு அவன் எனக்கு எறிந்தான்.

போன ஜூலையில் முறுக்கிக்கொண்டதிலிருந்து
என் இடது முழங்கால்
அரை மூச்சு தாமதம்.
ஒருவரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் அந்த எட்டு நிமிடமும் போய்விடும்.

அவன் பந்து அந்த அரை மூச்சு
நின்று வந்தது.
தற்செயல் என்று நினைத்தேன்.
மறுபடியும் வந்தது.
மறுபடியும்.

அப்போது மின்னல் சங்கு ஊதியது.
எல்லோரும் பார்வையாளர் மேடைக்கு அடியில் ஒதுங்கினோம்.
மழை இன்னும் வரவில்லை,
புக்கித் தீமா பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.
மைலோ ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு
தரையைப் பார்த்தபடி இஸ்கந்தர் கேட்டான்:
லெஃப்ட்டா, ப்ரோ?
எது லெஃப்ட்டு, என்றேன்.
அவன் மேலே கேட்கவில்லை.

அந்தப் பக்கம் ஒலிவெய்ரோ
ஈரப் பந்துகளை ஒவ்வொன்றாகத்
தன் சொந்தத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.
யாரும் துடைக்கச் சொல்லவில்லை.
அதுவும் என் கண்ணில் பட்டது.
படாமல் இருந்திருக்கலாம்.

இப்போது அறை.
ஏர்கான் குளிர், சாக்ஸ் வாடை,
கேப்டன் வெய் ஜியே பேனா மூடியைத்
திறந்து மூடுகிறான்.
அவன் ஒலிவெய்ரோ என்றுவிட்டான்.
மேனேஜரும் ஒலிவெய்ரோ.

இஸ்கந்தர் என்றேன்.

ஏன்?
பாஸ் நல்லா இருக்கு.
இரண்டு பேருக்கும்தான் நல்லா இருக்கு, என்றார் கோச்.
உதை பார்த்தாயா?
பார்த்தேன்.
அப்புறம்?

அவனைப் பற்றி நான் சொல்லக்கூடியதெல்லாம்
என் முழங்காலுக்குள் இருக்கிறது.

வெளியே இரண்டாம் சங்கு ஊதியது,
அபாயம் நீங்கிற்றாம்.
யாரோ திடலுக்கு ஓடும் சத்தம்.

காட்டுகிறேன் என்றேன்.
நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன்.
வலது கால் வந்தது.
பிறகு, அவர்கள் மூவரும் பார்த்திருக்க,
இடது.