சீட்டு விழுந்த வாரம்

ஹட்டன் டவுனில், மாடிப்படி ஏறிப் போகிற சலூன்.
கண்ணாடிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"உச்சியில இதென்னக்கா பள்ளம்?"
சீப்பு நின்றுவிட்டது.
கூடைக் கயிறு, தங்கச்சி. இருபத்திரண்டு வருசம்.
அவள் ஒன்றும் பேசாமல்
வகிடை வேறு பக்கம் எடுத்தாள்.

முடி காதோடு சரி.
புருவம் இரண்டும் ஏதோ வதந்தி கேட்ட மாதிரி நின்றன.
நகத்துக்குச் சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன்.
கொழுந்துக் கறை போகவில்லை,
சிவப்புக்குக் கரை கட்டியது போல் இருந்தது.

பஸ்ஸில் டிக்கோயா வரை
வெளியே பார்ப்பதுபோல் ஜன்னலில் என்னையே பார்த்து வந்தேன்.

லயத்து நாய் குரைத்தது,
தினம் சோறு போடுகிற என்னைப் பார்த்து.
கரண்ட் இல்லை. குப்பிலாம்போடு கதவைத் திறந்தவர்
"யாரு வேணும்?" என்றார்.
குரலை மெலிதாக்கி,
"சன்னாசி சம்சாரம் இருக்காங்களா?"
"டவுனுக்குப் போயிருக்கா, ஒக்காருங்க."
ப்ளேன்டீ போட்டுக் கொடுத்தார்,
கருப்பட்டித் துண்டோடு.
அவருக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியும் என்பதே
அன்றைக்குத்தான் தெரியும்.
தெரிந்தேதான் போட்டாரோ,
இன்னும் நான் கேட்கவில்லை.
தினம் அந்தியில் விருந்தாளியாக வரலாமா என்று யோசனை.

விடிய, பெரட்டில்
கணக்கப்பிள்ளை செக்ரோலிலிருந்து நிமிர்ந்தார்:
"புது ஆளா? பேரு?"
ப்ரியா என்று சொல்ல
நாக்கு நுனிவரை ஆசை.
"கனகேஸ்வரி" என்றேன்.
கனகு என்றே எழுதிப் பழகிய பேனா
'கே'யில் கொஞ்சம் தடுமாறியது.
பின்வரிசை முழுக்கச் சிரிப்பு, நானும்.

கூடைக் கயிறு மட்டும் ஏமாறவில்லை.
மாட்டியதும் நேரே போய்ப்
பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது.