எஃப் இருபத்து மூன்று

வியாழன் மாலை. ஃபஹாஹீலில் தூசிக்காற்று.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
ஏழாம் வகுப்பு, பி பிரிவு, கணக்கு.
முப்பத்தெட்டுப் பெயர், ஐந்து தேர்வு.
சனிக்கிழமை பெற்றோர் வருவார்கள்,
ஆளுக்கொரு கோடு தரவேண்டும்.

எல்லா எண்ணையும் ஒன்றாய்ப் பிடித்துப்
பொத்தானைத் தட்டினேன்.
பழைய சார்ஜர் வயர்கள் அடைத்த இழுப்பறை போல
முப்பத்தெட்டும் பின்னிக்கொண்டு வந்தன.
ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்.

ஷிபின் ஏறுகிறான்,
லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் தண்ணீர்க் கேன் தூக்குகிறவர் மாதிரி,
மாடிக்கு மாடி மூச்சு வாங்கி.
தன்வீரா தொண்ணூற்றாறில் தொடங்கித் தொண்ணூற்றாறிலேயே,
சால்மி நெடுஞ்சாலை, ஒரு வளைவு கிடையாது.
அவள் அப்பா கேட்பார்: மிச்சம் நாலு எங்கே?
அஜ்மல் நவம்பரில் விழுந்தான்.
ஏனென்று எனக்குத் தெரியும்,
அதற்கு ஒரு பத்தி இல்லை.

ஷைலஜா மிஸ் போனில் சொன்னார்:
"அச்சை அறுபதுல ஆரம்பிங்க டீச்சர்,
ஏற்றம் பளிச்சுனு தெரியும்."
மாற்றிப் பார்த்தேன். வாஸ்தவம்தான்.
எறும்புப் புற்றெல்லாம் மலை.
ஆனால் ஐம்பத்திரண்டிலிருந்து ஐம்பத்தொன்பதுக்கு
ஏழு மாதம் நடந்துவந்த கெவின்
தரைக்குக் கீழே போய்விட்டான்.
திரும்பவும் பூஜ்யத்துக்கு இறக்கினேன்.
மலைகள் படுத்தன.
கெவின் வெளியே வந்தான்.

பிறகு இருபத்து மூன்றாம் வரிசை. பெல்சியா.
அறுபத்தெட்டு, எழுபத்தொன்று, எழுபத்து நாலு,
அப்புறம் கிணறு,
அப்புறம் அறுபத்தாறு.
நாலாம் தேர்வின் கட்டத்தில் அலுவலகம்
'வரவில்லை' என்று தட்டி வைத்திருந்தது.
இந்த மென்பொருளுக்கு எண்தான் தெரியும்.
படிக்கத் தெரியாத சொல்லெல்லாம் அதற்குப் பூஜ்யம்.

வராமல் இல்லை. வந்தாள்.
அப்பாவின் கம்பெனியில் மூன்று மாதமாய்ச் சம்பளமில்லை,
கட்டணம் கட்டாதவர் தேர்வறைக்குள் வரக்கூடாது.
நூலகத்தில் உட்கார வைத்தார்கள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவளுடைய இரட்டைப் பின்னல் தெரிந்தது.
நான் கேள்வித்தாளோடு கடந்து போனேன்.

சொல்லை அழித்தேன்.
கட்டம் காலியானதும்
கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் குமாஸ்தா போல மூன்று வழி காட்டியது:
இடைவெளியா, பூஜ்யமா,
புள்ளிகளைக் கோட்டால் சேர்க்கவா?

சேர்த்துப் பார்த்தேன்.
எழுபத்து நாலிலிருந்து அறுபத்தாறுக்கு
அழகான ஒரு சரிவு,
ஒன்றுமே நடக்காதது போல.
அந்த வித்தை எனக்குப் பழக்கம்.
குடும்ப விசாவில் வந்திறங்கி
சுத்திகரிப்பு ஆலையின் தீயை எண்ணிக்கொண்டிருந்த நாலு வருடத்தை
பயோடேட்டாவில் இப்படித்தான் ஒட்டினேன்,
'தனிப்பயிற்சி' என்றொரு சொல்லால்.
நேர்காணலில் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

இடைவெளி என்பதை அழுத்தினேன்.
கோடு அறுந்தது.
அப்படியே அச்சடித்தேன்.

சனிக்கிழமை அவர் பஸ்ஸில் வந்தார்,
கார் போன மாதமே போயிருந்தது.
தாளை வெளிச்சத்துக்குத் தூக்கி,
அறுந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார்.
"இந்த இடத்துல பிரிண்டு விழலியா டீச்சர்?"
நான் வாயைத் திறப்பதற்குள்
பெல்சியா தாளை வாங்கிக்கொண்டாள்.
என் மேசைப் பென்சிலை எடுத்து
வெற்றிடத்தின் நடுவே ஒரு புள்ளி வைத்தாள்.
"எழுபத்தொன்பதரை மிஸ்.
ராத்திரி ஷிபினோட பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி
டைமர் வச்சுப் போட்டுப் பார்த்தேன்.
ஒண்ணுல அலகு எழுதலை,
அதுக்கு அரை கழிச்சுட்டேன்."

சூப்பர்வைசர் பக்கத்து மேசையில்தான் இருந்தார்.
அழிரப்பர் என் கையில்தான் இருந்தது.

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.
தன்வீராவின் அப்பா நாற்காலியை இழுக்கும்போதே
ஆரம்பித்துவிட்டார்,
அந்த நாலைப் பற்றி.