எட்டடிக்குப் பன்னிரண்டு

நரையை எடுக்கச் சொன்னார்கள்,
எடுத்தேன்.
தொப்பையை உள்ளே தள்ளச் சொன்னார்கள்,
மவுஸை ஒருதரம் இழுத்துப்
பத்து வருடச் சோற்றைத் தள்ளினேன்.
பிறகு வட்ஸ்அப்பில் ஒரு குரல்:
"தங்கச்சி, நாடியில கிடக்கிற அந்தக் கோடும் வேண்டாம்.
அவர் இப்ப விளையாட்டுக்காரர் இல்ல, முதலாளி."

என்.சி. வீதியில், பேக்கரிக்கு மேல்மாடியில்,
என் திரை முழுக்க லலந்த வீரக்கொடி.
எட்டடிக்குப் பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ் மூன்று,
கடதாசிச் சுவரொட்டி ஐந்நூறு,
ஜேர்சி இருபத்திரண்டு.
முற்பணம் கால்வாசி,
மிச்சம் லீக் முடிந்த பிறகாம்.

அணிக்குப் பெயர் திருமலைத் திருக்கைகள்.
திருக்கையின் வாலை நிமிர்த்தி
மட்டையாக்கியது நான்தான்.
தம்புள்ளையில் நாலு ஆட்டம், கொழும்பில் நாலு.
இங்கே ஒன்றுமில்லை,
மைதானத்தில் இரவு விளக்கு இல்லையாம்.
எங்கள் ஊரின் பெயர் மட்டும்
பஸ் ஏறிப் போய் விளையாடிவிட்டு வரும்.

பதினெட்டுப் பெயர்களை இரண்டு தரம் வாசித்தேன்.
எழுத்துப் பிழை பார்க்கத்தான் தொடங்கினேன்.
கிண்ணியா நுஸ்கி அதில் இல்லை.
ஏலத்தில் அவனுக்கு அடிவிலை சொல்லி,
மூன்று தரம் கேட்டு,
அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.
வலைப்பயிற்சிக்குப் பந்து போடக் கூப்பிட்டிருக்கிறார்கள்,
நாளுக்கு மூவாயிரம், மத்தியானச் சாப்பாடு.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.
மூதூரால் வந்து
பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்த மாதம்.
பக்கத்துப் பாய்க்காரர் ரேடியோவைக் காதில் அழுத்தி
எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்:
பந்து நாடியில் பட்டது,
ரத்தம்,
தூக்கிக்கொண்டு போகிறார்கள்.
எட்டு விக்கெட் விழுந்த பிறகு
பதினொரு தையலோடு திரும்பி வருகிறான்.
நாற்பத்தொன்று. ஆட்டமிழக்கவில்லை.
யாருடைய அணி, நமக்கென்ன என்று
அன்று அந்த மண்டபத்தில் எவரும் கேட்கவில்லை.
அல்லது கேட்டிருப்பார்கள்,
எனக்குப் பத்து வயது,
என் காதில் விழவில்லை.

கழுத்திலிருந்து நல்ல தோலைக் கிள்ளி
நாடியில் ஒட்டினேன்.
நாற்பது செக்கன்.
அந்த நாற்பத்தொரு ஓட்டத்துக்கு
அவருக்கு மூன்றரை மணித்தியாலம்.

நிலாவெளி ஹோட்டலில்
வெள்ளைத் துணி போர்த்த கதிரைகள்.
ஃப்ளெக்ஸின் கீழ்முடிச்சை நான் இறுக்கும்போது
பின்னால் வந்து நின்றார்.
படத்தில் விட்ட நரை தலையில் இருந்தது.
பெருவிரல் தானாக நாடிக்குப் போய்த் தடவியது.
"இது நானா?" என்றார் சிங்களத்தில்.
யாரோ சிரித்தார்கள்.
"வடிவா இருக்கு சேர்" என்றேன்,
பாக்கிக் காசை நினைத்து.

மேடையில் ஐந்து வருடத் திட்டம் என்றார்,
கிழக்கின் திறமை என்றார்.
வெளியே அவருடைய சாரதி
தேத்தண்ணியை ஊதி ஊதிச் சொன்னான்:
கண்டி வீடு இப்போது வங்கியில்,
மனிசிக்கு இன்னும் தெரியாது.

இரவு நுஸ்கியின் செய்தி.
"அக்கா, இன்று அவரே காலில் காப்புக் கட்டி
வலைக்குள் வந்தார், சும்மா பகிடிக்கு.
மூன்றாவது பந்து திரும்பி நடுக்குச்சியை எடுத்தது.
இன்னொன்று போடு என்றார்.
பிறகு இன்னொன்று.
இருட்டும்வரை போகவில்லை."
கொஞ்சம் விட்டு,
"பெயர் அடிக்காத ஜேர்சி மிச்சம் கிடக்கா?"
நாலு கிடந்தது.
அச்சு இயந்திரமும் சூடாகத்தான் இருந்தது.

விடியக் கோட்டைப் பக்கம் போனேன்.
ஒட்டிய சுவரொட்டிகளில்
பாதிக்குமேல் கிழிசல்.
மான்களுக்குக் கோதுமைப் பசை பிடிக்கும்.
ஒன்று இன்னும் நின்று தின்றுகொண்டிருந்தது,
அவசரமில்லாமல், கீழிருந்து மேலாக.
திருக்கை போய்விட்டது.
நாடி போய்விட்டது.
கண்ணும் நெற்றியும் சுவரில் இருந்தன,
கறுத்த தலைமயிரும்.

படம் எடுத்து அந்தக் குரலுக்கு அனுப்பினேன்,
கூடவே பற்றுச்சீட்டையும்.
இரண்டு நீலச் சரி விழுந்தது.
பதில் இன்னும் இல்லை.